நாலு விரல் அகலம்

என் கல்யாணத்தன்று, திருகோணமலைக்குப் பக்கத்துச் சல்லியில் எங்கள் வீட்டு முற்றத்துப் பந்தலில், தாலி கட்ட நான் எழும்பி நின்ற நேரம் சனத்துக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

“மச்சான், காலச் சேத்து வச்சு நிக்காத. ஆராச்சும் தட்டினா பொம்பிளைக்கு மேல போய் விழுவாய்!”

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். பெண்ணின் தமையன் முறைத்தான். மேளகாரருக்குச் சிரிப்பு. நான் என்ன செய்தேன் என்றால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டுக் காலைச் சற்று அகட்டி வைத்துக்கொண்டுதான் தாலியைக் கட்டினேன். சண்டைக்கு நிற்கிறவன் மாதிரி நின்று தன்னைக் கட்டினேன் என்று என் மனைவி நாற்பது வருடம் சொல்லிக் காட்டினாள்.

குரல் அவனுடையது, என் துறைமுகக் கூட்டாளியுடையது. கிண்ணியாவில் இருந்து விடியவே வந்து, முன்வரிசைக் கதிரை ஒன்றைப் பிடித்து, என் முகத்தை ஒருதரமும் பாராமல் காலையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஒருவர் எதிரே வந்தால் நாங்கள் எல்லோரும் முகத்தைப் பார்ப்போம். அவன் இரண்டு காலுக்கும் நடுவில் எவ்வளவு இடம் கிடக்கிறது என்று பார்ப்பான். அதற்குப் பிறகுதான் “எப்பிடிச் சுகம்?” என்று கேட்பான். சில பேரிடம் அதையும் கேட்க மறந்துபோவான்.

எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. நான் ஆறு மாதம் மூத்தவன் என்று நான் சொல்வேன், இல்லை என்று அவன் சொல்வான். அந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரே வத்தையில் வேலை செய்தோம். வத்தை என்பது அகன்ற மரத்தோணி. கப்பல் கரைக்கு எட்ட நங்கூரம் போட்டு நிற்கும்; அதில் இருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவருவது வத்தை. எங்கள் வத்தை அவனுடைய வாப்பாவின் வத்தை. சண்டை தொடங்கியதும் வெள்ளைக்காரரின் கடற்படை அதை எடுத்துக்கொண்டது. அதோடு சேர்த்து அவனையும் எடுத்துக்கொண்டது. வாப்பா மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகு அவன்தான் தண்டயல், அதாவது வத்தைக்குத் தலைவன். அவனுக்குக் கீழே கிண்ணியா ஆட்கள் மூன்று பேர், சல்லி ஆட்கள் மூன்று பேர். வத்தையில் ஏறும்போது வாப்பாவின் பழைய உருமாலை எடுத்துத் தலையில் கட்டுவான். இறங்கும்வரை கழற்றமாட்டான். அதில் உப்புத்தண்ணீர் தெறித்தாலே அன்று முழுக்க முணுமுணுப்பான்.

அப்போது துறைமுகம் இருந்த இருப்பு வேறு. பார்த்த இடமெல்லாம் கப்பல். கப்பலுக்குக் கப்பல் நடுவே மோட்டர் வள்ளங்கள் காலையில் இருந்து பொழுதுபடும் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வள்ளமும் பின்னால் ஓர் அலையை இழுத்துக்கொண்டு போகும். தலைக்கு மேலே சங்கிலியில் சரக்குத் தொங்குகிற நேரம் பார்த்து அந்த அலை வத்தையில் முட்டினால், கீழே நிற்கிறவனின் கதை கந்தல். ஆகவே தண்டயல் வத்தையின் முன்பக்கத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பான். அலை வந்தால் “வருது!” என்பான். நாங்கள் காலை அகட்டி ஊன்றிக்கொள்வோம். கழிந்ததும் “போச்சு!” என்பான். காலை ஒடுக்கி வேலையைப் பார்ப்போம்.

எல்லா வத்தையிலும் இதே வழக்கம்தான். ஆனால் அவனுக்கு அது வாயிலே ஊறிப்போயிற்று. கரையில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து வாயில் வெல்லத்தைக் கடித்தபடி பிளேன்ரீ குடித்துக்கொண்டிருப்பான். தூரத்தில் ஒரு வள்ளம் போகும். “வருது!” என்று கத்துவான். பக்கத்தில் இருக்கிறவர்களின் வேட்டியெல்லாம் தேத்தண்ணி.

“வாயப் பொத்திக்கொண்டு இரன்ரா! இது கரை!” என்று நான் பாய்வேன்.

“ஏலாது மச்சான். அலையக் கண்டா வாய் தானாத் துறக்குது. நான் என்ன செய்ய?”

இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டிவரும்.

அதே கடையில் இன்னொரு நாள். அரிசி லொறியோடு வந்த ஒரு மனிதர் கடைவாசலில் நின்று சுருட்டுப் பற்றவைத்தார். இவன் அவருடைய காலைப் பார்த்தான்.

“நீங்க கந்தளாயோ? வயல்காரரோ?”

“ஓம். உமக்கு எப்பிடித் தெரியும்?”

“ஒரு காலுக்கு நேர மத்தக் கால வச்சு நிக்கிறீங்க. அது வரம்பில நிண்டு பழகின கால். பக்கத்தால வந்தா தள்ளி விழுத்த ஒரு விரலே காணும்.” சொல்லிக்கொண்டே ஒரு விரலால் அவர் தோளைப் பக்கவாட்டில் தொட்டும் விட்டான்.

மனிதர் கடைவாசலில் தொங்கிய வாழைக்குலையோடு சேர்ந்து விழுந்தார். பிறகு எழும்பினார். எழும்பி வந்தவர் சும்மா வரவில்லை, கையில் லொறியின் இரும்புக்கம்பி. நான் குறுக்கே நின்று கும்பிட்டு, தெண்டனிட்டு, இவனுக்கு மூளை கொஞ்சம் பிசகு என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். இவனோ மனிதரின் காலடியில் குந்தியிருந்து அவருடைய பாதங்களைப் பிடித்துத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தான். “இப்ப ஆரையும் வந்து தள்ளச் சொல்லுங்க,” என்றான். கடைக்காரர் தள்ளினார், நான் தள்ளினேன், லொறிக்காரப் பெடியன் ஓடிவந்து முட்டினான். மனிதர் அசையவில்லை. கம்பியைக் கீழே போட்டுவிட்டு, “இன்னொருக்கால் தள்ளுங்கோ பாப்பம்,” என்றார். போகும்போது எங்கள் இருவருக்கும் தேத்தண்ணி வாங்கித் தந்துவிட்டுத்தான் போனார்.

அவனுடைய சட்டம் இவ்வளவுதான்: “தள்ளினா விழப்படாது. கூப்பிட்டா கால் வரவேணும்.” கால் கிட்டக் கிட்ட இருந்தால் தள்ளுகிறவன் விழுத்திவிடுவான். எட்ட எட்ட இருந்தால் விழமாட்டாய், ஆனால் அடுத்த அடி எடுத்து வைக்கவும் உன்னால் ஏலாது. எதிரி உன்னைச் சுற்றிச் சுற்றி வந்து அடிப்பான். இரண்டுக்கும் நடுவே ஆளுக்கு ஆள் ஓர் அளவு இருக்கிறது. தோள்முனையில் இருந்து தோள்முனை, அதற்கு மேலே நாலு விரல். கிண்ணியாவில் சின்ன வயதிலேயே சீனடி பழகியவன் அவன். அந்தச் சண்டைக்கலையில் நிற்கிற நிலை மட்டும்தான் அவனுக்குப் படிந்தது. குத்தினால் நுளம்பு சாகாது. அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமும் இல்லை. “அடி எனக்கு வராது மச்சான், நிலை மட்டுந்தான் வரும்,” என்பான்.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஜப்பான்காரன் குண்டு போட்ட அந்தக் காலையில் நாங்கள் ஒரு கப்பலின் விலாவோடு ஒட்டி நின்றோம். தலைக்கு மேலே சங்கிலியில் வெடிப்பெட்டிகள். குண்டு விழ விழத் தண்ணீர் எந்தப் பக்கத்தால் எழும்புகிறது என்றே தெரியவில்லை. எங்கள் ஆறு பேருக்கும் ஒரே எண்ணம், கடலில் குதித்துவிடுவோம். அவன் முன்னுக்கு நின்று கத்தினான்.

“வருது! கால அகட்டு! ஆரும் குதிக்கப்படாது! வத்தைய விட்டுக் குதிச்சவன் என்ட ஆள் இல்ல!”

நாங்கள் ஊன்றி நின்றோம். பெட்டி இறங்கும்வரை தோளால் தாங்கினோம். எத்தனை தரம் “வருது” என்று கத்தினானோ, எண்ண எனக்கு நேரம் இருக்கவில்லை. விமானங்களின் இரைச்சல் ஓய்ந்த பிறகு “போச்சு” என்று மெல்லச் சொல்லிவிட்டு, பலகையில் குந்தியிருந்து அதைக் கையால் தடவினான், பிள்ளையைத் தடவுகிற மாதிரி. அன்றில் இருந்து அவன் கால் கதை கதைக்கும்போது நாங்கள் சிரிப்போம், ஆனால் காலையும் திருத்திக்கொள்வோம்.

அடுத்த வருடம் எங்களுக்குக் குத்துச்சண்டைப் பைத்தியம் பிடித்தது. கடற்படைக்காரர்கள் ஞாயிறு பின்னேரங்களில் மைதானத்தில் கயிறு கட்டிக் குத்துவார்கள். எங்கள் இறங்குதுறைக்குப் பொறுப்பாக இருந்த துரை அந்த விளையாட்டில் வெறியர். வேலையாட்களும் இறங்கலாம் என்று சொல்லிவிட்டார். மூட்டை தூக்கின தோள், எனக்கென்ன குறை? இறங்கினேன். எதிரே கப்பலின் இயந்திர அறையில் கரி அள்ளுகிற ஒருவன். செம்பட்டை முடி. நாங்கள் அவனுக்குச் செம்பன் என்று பேர் வைத்தோம்.

இரண்டாம் சுற்றில் நான் தரையில் குந்தியிருந்தேன். எப்படி வந்து குந்தினேன் என்று எனக்கே தெரியாது. மைதானம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

“தரை ஆடினதோ மச்சான்?” என்று கேட்டான் அவன், என் உதட்டில் வழிந்த இரத்தத்தைத் துடைத்துக்கொண்டே.

“என்ன விசர்க் கேள்வி? தரை ஏன் ஆடுது?”

“பின்ன ஆடாத தரையில அலைக்கு நிக்கிற மாதிரி ஏன் நிண்டாய்? ரெண்டு காலுக்கும் நடுவால ஒரு ஆடு போகும். அவன் உன்னச் சுத்தி வாறான், நீ திரும்பவே ஏலாமக் கிடக்கிறாய்.”

வத்தைக்காரர் எல்லோரும் விடுகிற பிழை அது. ஒருவரும் “வருது” என்று சொல்லவே இல்லை, ஆனாலும் எங்கள் கால் தன்பாட்டுக்கு அகன்று ஊன்றிக்கொள்கிறது. அந்த மாதம் எங்கள் துறையில் இருந்து போன மூன்று பேரும் இப்படியே நட்ட கட்டை மாதிரி நின்று வாங்கிக்கட்டிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாளே அவன் ஒரு தும்புக்கயிற்றைக் கொண்டுவந்து என் தோளை அளந்தான். நாலு விரல் யாருடைய விரல் என்று ஒரு சண்டை. “உன்ட உடம்புக்கு உன்ட விரல்தான், அளக்கிறவன்ட விரல் இல்ல,” என்று தீர்ப்புச் சொன்னான். கயிற்றின் இரண்டு நுனியிலும் வளையம் போட்டு என் இரண்டு கணுக்காலிலும் மாட்டிவிட்டான். வேலை இல்லாத நேரமெல்லாம் நான் அதோடு கரையில் முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கவேண்டும். கயிறு தொய்யவும் கூடாது, இறுகவும் கூடாது. மூதூரில் இருந்து வருகிற பெண்கள் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். “என்ன, என்னைக் கட்டிப்போட்ட ஆடெண்டு நினைச்சியோ?” என்று நான் கத்துவேன். “ஆடெண்டா இவ்வளவு கஷ்டம் இல்ல, அதுக்கு நாலு கால்,” என்பான். கணுக்கால் தோலுரிந்து காய்த்துப்போகும்வரை விடவில்லை.

அந்தக் காய்ப்போடு நான் திரிந்த நாட்களில்தான் பட்டியல் வந்தது.

புதிதாக ஒரு இறங்குதுறை கட்டப்போகிறார்கள். அடியில் தாழ்க்க மூன்று பழைய வத்தைகள் வேண்டும். கல்லை நிரப்பி அப்படியே அமிழ்த்திவிடுவார்கள். பட்டியலில் முதலாவது எங்கள் வத்தை. அதை வாசித்துச் சொன்னவர் துரைக்கு மொழிபெயர்க்கிற கிளாக்கர், யாழ்ப்பாணத்து மனிதர், எங்களோடு அதிகம் கதைக்காதவர்.

“பதிலுக்கு ஒரு கடதாசித் துண்டு எழுதித் தருவினம் தம்பி. சண்டை முடிஞ்சாப்போல அதைக் காட்டி…”

“துண்டில ஏறி நிண்டு சரக்கு இறக்கேலுமோ ஐயா?” என்றான் அவன். அவன் அப்படிக் கதைத்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

துரையிடம் நேரே போனான். நானும் பின்னால் ஓடினேன். கெஞ்சப் போகிறான் என்றுதான் நினைத்தேன். அவனோ போனதும் வழக்கம்போலத் துரையின் காலைப் பார்த்தான்.

“ஐயா, துரைக்குச் சொல்லுங்க. அவருக்குப் பின்கால் உள்ளுக்குக் கிடக்கு. குத்துச்சண்டையில இடது தோள்ல பலமா அடி வாங்கியிருக்கிறார்.”

கிளாக்கருக்கு வேர்த்துவிட்டது. ஆனாலும் சொன்னார். துரை தன் இடது தோளைத் தானே பிடித்துக்கொண்டு, இது யார் இவனுக்குச் சொன்னது என்று கேட்டார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அரைமணி நேரம் இரண்டு பேரும் காலைப் பற்றியே கதைத்தார்கள், கிளாக்கர் நடுவில் நின்று தவித்தார். கடைசியில் துரை மேசையில் ஓங்கித் தட்டிச் சொன்னதைக் கிளாக்கர் எங்களுக்குச் சொன்னார்: செம்பனோடு உன் ஆள் ஒருவன் குத்தட்டும். மூன்றாம் சுற்று முடிகிற மணிக்கு அவன் காலில் நின்றால், பட்டியலில் உன் வத்தையை வெட்டிவிட்டு வேறு ஒன்றைப் போடுகிறேன்.

“ஓமெண்டு சொல்லுங்க ஐயா. ஆனா சண்டை என்ட வத்தைக்கு மேல நடக்கவேணும். எல்லாக் கப்பல்ல இருந்தும் பாக்கலாம்தானே?”

துரைக்கு அந்த எண்ணம் மிகவும் பிடித்துப்போயிற்று. குத்தப்போகிறவன் நான்தான் என்று முடிவாயிற்று; சம்மதமா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் கிளாக்கர் மெல்லக் கேட்டார்: “தம்பி, தண்ணிக்கு மேல வைக்கிறது கள்ளமில்லையே?”

“கடல் ரெண்டு பேருக்கும் பொதுதானே ஐயா,” என்றான் அவன்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணி. அந்த நேரத்தையும் அவன்தான் கேட்டு வாங்கினான். லீவில் கரைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வள்ளங்கள் ஓடுகிற நேரம் அது. எங்கள் வத்தையையும் இன்னொன்றையும் பக்கம் பக்கமாகக் கட்டி, மேலே பலகை அடித்து, சுற்றிவரக் கயிறு கட்டியிருந்தார்கள். கப்பல்களின் விளிம்பெல்லாம் வெள்ளைத் தொப்பி. கரையில் கிண்ணியாச் சனம், மூதூர்ச் சனம், எங்கள் சல்லிச் சனம். என் அம்மா வரவில்லை, அம்மன் கோயிலில் போய் இருந்துவிட்டாள். செம்பன் சப்பாத்தோடு ஏறினான். நான் வெறுங்கால். என் மூலையில் அவன், தலையில் உருமால், முதுகை எங்களுக்குக் காட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றான்.

மணி அடித்தது. செம்பன் முன்போலவே என்னைச் சுற்றினான். இந்தமுறை நானும் சுற்றினேன்! கயிற்றைக் கழற்றி மூலையில் போட்டிருந்தேன், ஆனால் காலில் இருக்கிற மாதிரியே இருந்தது. அவன் முகத்தில் ஒரு திகைப்பு. அப்போது பின்னால் குரல்:

“வருது!”

என் கால் அகன்றது. பலகை தூக்கியது. பெரிய கப்பலில் பழகிய செம்பனுக்கு அந்தச் சின்ன ஆட்டம் பிடிபடவில்லை. கால் ஒன்றோடு ஒன்று பின்னியது. என் இடதுகை அவன் தாடையில் போய் விழுந்தது. கரை வெடித்தது!

“போச்சு!”

ஒடுங்கி விலகினேன். துரை கிளாக்கரிடம் ஏதோ கேட்பது தெரிந்தது. அவன் என்ன கத்துகிறான் என்று கேட்டாராம். கிளாக்கர் கண் இமைக்காமல், “கடவுளைக் கூப்பிடுகிறான்,” என்று இங்கிலீசில் சொல்லிவிட்டார். துரை மரியாதையாகத் தலையாட்டினார்.

இரண்டாம் சுற்றில் இன்னும் இரண்டு அலை, இன்னும் இரண்டு குத்து. ஆனால் செம்பன் மடையன் இல்லை. சுற்று முடியப்போகிற நேரம் “வருது” என்ற சத்தத்துக்கு எனக்கு முன்னால் அவன் காலை அகட்டி ஊன்றினான். “போச்சு” என்றதும் எனக்கு முன்னால் அவன் பாய்ந்தான். என் விலாவில் விழுந்த குத்தில் மூச்சு நின்று வந்தது.

மூலைக்கு வந்ததும் சொன்னேன்: “அவன் கண்டுபிடிச்சிட்டான். இனிக் கத்தாத.”

“ஏலாது மச்சான்.”

“பல்லக் கடிச்சுக்கொண்டு நில்லு!”

“அலையக் கண்டா வாய் துறக்கும். உனக்குத் தெரியாதா?” அவன் கண்ணில் தண்ணீர் முட்டியிருந்தது. “வாப்பாட வத்தை மச்சான்,” என்றான்.

மணி அடித்துவிட்டது.

மூன்றாம் சுற்றில் முதல் அலைக்கு அவன் கத்தவே கத்தினான். செம்பன் ஊன்றினான், நானும் ஊன்றினேன். “போச்சு” என்ற கணமே செம்பனின் குத்து என் காதில். முழங்காலில் விழுந்தேன். எண்ணுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. ஆறு என்றபோது எழும்பினேன். இன்னொரு தரம் விழுந்தால் எழும்பமாட்டேன் என்று எனக்குத் தெரியும், செம்பனுக்கும் தெரியும். என் மூலையை ஒருதரம் பார்த்தேன். அவன் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். அவனுக்கு அப்பால், சீனக்குடாப் பக்கம் இருந்து பெரிய வள்ளம் வந்துகொண்டிருந்தது. அது இரண்டு அலை விடுகிற வள்ளம்.

நான் திரும்பினேன். பின்னால் தொபீர் என்று ஒரு சத்தம்.

கப்பல்களில் இருந்து ஊளை. கரையில் இருந்து, “தண்டயல் விழுந்திட்டான்! தண்டயல் கடலுக்க விழுந்திட்டான்!” என்று ஒரே சிரிப்பு. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தண்டயல் கத்துகிற சத்தத்துக்காகச் செம்பன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. சத்தம் வரவில்லை. எனக்கும் அது கேட்கவில்லை.

அப்போது என் உள்ளங்காலுக்குக் கீழே வெளிப்பக்கத்துப் பலகை முனகியது. அலை முட்டுவதற்குச் சற்று முன்னால் அந்த வத்தை எப்போதும் அப்படித்தான் முனகும். அத்தனை வருடம் அதன் மேல் நின்றிருக்கிறேன், ஆனால் அவன் குரல் இருந்ததால் அதை நான் கேட்டதே இல்லை. காலை அகட்டினேன். செம்பன் காலை ஒடுக்கிக்கொண்டு முடித்துவிட வந்தான். அலை தூக்கியது. அவன் சரிந்தான். வலதுகையால் கொடுத்தேன், என் ஆயுளிலே கொடுத்த ஒரே ஒரு நல்ல குத்து! அவன் குந்தினான். எழும்பப் பார்த்தான், இரண்டாவது அலை மறுபடியும் குந்தவைத்தது. எட்டு என்றபோது எழும்பிவிட்டான், நல்ல வீரன். மிச்ச நேரம் முழுக்க நாலு விரல் அகலத்தில் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். மணி அடித்தபோது நான் காலில் நின்றேன்.

அந்த ஆரவாரத்தைப் போல ஒன்று எனக்கு வாழ்க்கையில் பிறகு கிடைக்கவில்லை. கப்பல்கள் சங்கு ஊதின. துரை பட்டியலை வாங்கி முதல் வரியைத் தன் பேனாவால் வெட்டினார். வத்தை தப்பியது. யுத்தம் முடிந்து வெகுகாலம்வரை அது சரக்கு ஏற்றியது.

கயிறு போட்டு அவனைத் தூக்கினார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தவன் கேட்ட முதல் கேள்வி:

“கடைசி அலைக்கு எவ்வளவு அகட்டினாய்?”

“நாலு விரலுக்கு மேல ஒரு சாண்.”

“அது கூடிப்போச்சு. அரைச்சாண் காணும்.”

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “நீ காலச் சேத்து நிண்டு கடலுக்க விழுந்திட்டு, எனக்கு அளவு சொல்ல வாறியோ?” என்று கத்தினேன். இரண்டு வத்தையும் ஆடுகிற அளவுக்கு எல்லோரும் சிரித்தார்கள்.

“நான் விழேல்ல மச்சான். குதிச்சன். வாய மூட ஏலாது, அதுதான் தண்ணிக்குள்ள கொண்டுபோனன்.”

யார் நம்புவார்கள்? தண்டயல் தன் வத்தையை விட்டுக் குதிப்பானா? குண்டு விழும்போது குதிக்கப்படாது என்று கத்தினவன் அல்லவா? அன்றில் இருந்து துறைமுகத்தில் அவனுக்கு ‘விழுந்த தண்டயல்’ என்றே பேர். என் கல்யாணப் பந்தலில் அவன் காலைப் பற்றிக் கத்தினபோது, “கடலுக்க விழுந்தவர் சொல்லுறார், கேளுங்கோ!” என்று என் மச்சினன் பதில் கொடுத்தான். பந்தலே சிரித்தது. “குதிச்சனான்,” என்று அவன் அமைதியாகச் சொல்லிவிட்டு மறுபடியும் என் காலைப் பார்த்தான். கடைசிவரை அதையே சொன்னான். அவன் இறந்தபோது கிண்ணியாவில் அவனுடைய மையத்து வீட்டில்கூட, விழுந்த கதையைச் சொல்லிச் சொல்லி, அழுதுகொண்டே சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்போது சொல்கிறேன். அன்று சண்டை முடிந்ததும் சட்டையை எடுக்க என் மூலைக்குப் போனேன். மூலைத் தூணின் அடியில் அவனுடைய வாப்பாவின் உருமால் இருந்தது. நாலாக மடித்திருந்தது. காற்றுக்குப் பறக்காமல் அதன் மேலே என் தும்புக்கயிற்றைச் சுருட்டி வைத்திருந்தான். தொட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரமில்லை.

விழுகிறவன் உருமாலை மடித்து வைத்துவிட்டு விழமாட்டான். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கியது. கொண்டுபோய் அவன் கையில் கொடுத்தேன். அவன் அன்றைக்குத்தான் என் காலைப் பாராமல் முகத்தைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்வேன் என்று. கரை முழுக்க என் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது. அதில் பாதியைப் பிரித்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். அற்பத்தனம், வேறென்ன. அவன் இருக்கும்போதே சொல்லியிருக்கவேண்டும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று காலம் போய்விட்டது.

கிண்ணியாக்காரர் யாராவது இதை வாசித்தால் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தண்டயல் அன்று விழவில்லை. உருமாலைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, காலைத் தன் அளவுக்குச் சரியாக வைத்து நின்று, குதித்தான்.